விளக்கு வைக்கிற நேரத்துப் போன்

அத்தியாயம் 4

செத்துப்போனவன் போன் போட மாட்டான். உசிரோடு இருக்கிற புருஷன் போனைப் போட்டுவிட்டு வாயைத் திறக்காமல் இருக்க மாட்டான். அலங்காநல்லூருக்குப் பக்கத்தில் ஜெயக்கொடியின் வீட்டில் மட்டும் இந்த இரண்டில் ஏதோ ஒன்று தினமும் நடந்துகொண்டிருந்தது.

விளக்கு வைக்கிற நேரம் ஆனால் அவள் போன் அடிக்கும். காணாமல் போன அவள் கணவன் சிவக்குமாரின் படம் திரையில் வரும். காளையின் திமிலைப் பிடித்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற படம். எடுத்தால் பேச்சு கிடையாது. மூச்சு மட்டும்தான். ஜெயக்கொடி தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போவாள். இன்றைக்கு என்ன குழம்பு, எந்த வயலுக்குத் தண்ணீர் பாய்ந்தது, காளை தீனி எடுக்காமல் கட்டுத்தறியையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டே இருக்கும். கேட்டு முடித்ததும் வைத்துவிடும்.

நேற்று அந்தப் போனை வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தான் அழகுராஜா. துப்பறியும் தர்மாம்பாளின் உதவியாளன் அவன். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவனைக்கூடச் சிரிக்க வைத்துவிடுகிற வாய். அந்த வாய் நேற்று ஒட்டிக்கொண்டது.

"எப்படி இருக்கு?" என்று கையால் கேட்டார் தர்மாம்பாள்.

"ஆள் இருக்கு மேடம்," என்று கிசுகிசுத்தான். "சும்மா இருக்குற சத்தம் வேற, நம்ம பேச்சைக் கேட்டுக்கிட்டு இருக்குற சத்தம் வேற. இது கேக்குது."

சொல்லிவிட்டு அவனே கையைத் தடவிக்கொண்டான். மயிர்க்கால் அத்தனையும் எழுந்து நின்றிருந்தன.

சிவக்குமார் விளைந்த மல்லிகையை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனவன், திரும்பவில்லை. இரண்டு நாள் கழித்து 'நான் நல்லா இருக்கேன், என்னைத் தேட வேண்டாம்' என்று ஒரு மெசேஜ். ஊர் சும்மா இருக்குமா? உடனே ஒரு பொம்பளையைத் தயார் செய்துவிட்டது. அவள் திண்டுக்கல்காரி என்றது மேலத்தெரு. தேனிக்காரி என்றது கீழத்தெரு. கட்டியிருந்த சேலையின் கலர் வரைக்கும் சொன்னார்கள். பார்த்தவர்கள்தான் ஒருத்தரும் இல்லை. போலீசும், போன் சமயநல்லூர் டவர் பக்கம் வேலை செய்கிறது, ஆள் சுகமாக இருக்கிறான் என்று கையைக் கழுவிவிட்டது.

ஜெயக்கொடிதான் பஸ் ஏறி மதுரைக்கு வந்து தர்மாம்பாளின் மாடிப்படியில் உட்கார்ந்தாள்.

"ஓடிப்போயிருந்தாருன்னா காறித் துப்பிட்டு என் பொழப்பைப் பாப்பேன் மேடம். செத்திருந்தாருன்னா அழுது முடிப்பேன். ரெண்டும் தெரியாம, தெனமும் கண்ணாடி முன்னால போனா கை பாதியில நிக்குது. பொட்டை வைக்கவா, அழிக்கவா? அதை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

அவ்வளவுதான் கேஸ்.

*

தர்மாம்பாளைப் பற்றி இரண்டு வார்த்தை. குடும்பநல கோர்ட்டில் வெகுகாலம் ஆலோசகராக இருந்தவர். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நேரத்தில் பொய் சொல்வதைக் கேட்டுக் கேட்டே காது மந்தமாகிவிட்டது என்று அவரே சொல்லிக்கொள்வார். காதில் ஒரு மெஷின் உண்டு. ஊர் உலகத்தில் எல்லோரும் ஒன்றைக் கேட்பதற்காக மெஷினைப் போடுவார்கள். இந்த அம்மாள் முக்கியமான ஆள் பேச ஆரம்பித்ததும் அதை அணைத்துவிடுவார்.

"நீ பேச்சைக் கேளு. நான் ஆளைக் கேக்குறேன்," என்பது அவர் அழகுராஜாவுக்குச் சொல்லி வைத்திருக்கிற ஏற்பாடு.

அழகுராஜாவுக்கு அதில் ஒரு மனக்குறை. அவனுக்குக் கேட்கவே தெரியாது என்பது அவன் மனைவி அஸ்வினியின் கட்சி. 'நான் சொல்றதுக்கெல்லாம் ம் கொட்டுறீக, ஒண்ணும் உள்ள போகல' என்று அவள் சொல்லும்போதும் அவன் 'ம்' என்றுதான் சொல்வான்.

இன்றைக்கு மத்தியானம் ஜெயக்கொடியின் வீட்டு வாசலில் தகரக் கொட்டகையின் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். தர்மாம்பாளின் ஏற்பாடு. சிவக்குமாருக்கு நெருக்கமான ஆட்களை 'ஒரு யோசனை கேக்கணும்' என்று கூப்பிடச் சொன்னார். யோசனை சொல்ல வா என்றால் வராத ஆள் நம் பக்கத்தில் உண்டா? பங்காளிகள் வந்தார்கள், எதிர்வீட்டுக்காரர் வந்தார், யாரும் கூப்பிடாத இரண்டு பேரும் வந்து நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

முக்கியமானவர்கள் இருவர். ஒருவர் சோணை, சிவக்குமாரின் அண்ணன். மலை மாதிரி உடம்பு, தோளில் துண்டு. இன்னொருவர் பாண்டிராஜ். சின்ன வயசிலிருந்து சிவக்குமாரின் கூட்டாளி. சமயநல்லூரில் வீடும் தோட்டமும், மாட்டுத்தாவணியில் பூக்கடையும் உள்ள மனிதர். வரும்போதே மல்லிகை வாசம் கூட வந்தது.

தர்மாம்பாள் ஓரத்தில் உட்கார்ந்து காதுக்குப் பின்னால் விரலை வைத்தார். மெஷின் அணைந்தது.

சோணைதான் ஆரம்பித்தார். ஆரம்பித்தார் என்பதைவிடக் கத்தினார் என்று சொல்லலாம்.

"ஓடுகாலிப் பயலைத் தேடி என்ன தாயி ஆகப்போகுது? ஊருல தல காட்ட முடியல. நீ பேசாம ஒன் அப்பன் வீட்டுல போயிக் கொஞ்ச நாள் இரு. வயலை நான் பாத்துக்கிறேன்."

"வயலை நீங்க பாத்துக்கிறீக. அவரை யாரு மாமா பாக்குறது?" என்றாள் ஜெயக்கொடி.

சோணை அவள் முகத்தையே பார்க்கவில்லை. மாட்டுக் கொட்டத்தைப் பார்த்தார். கால் ஆடிக்கொண்டே இருந்தது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், மடித்தார், மறுபடி துடைத்தார். அழகுராஜா மனசுக்குள் அவருக்கு விலங்கே மாட்டிவிட்டான். கண்ணைப் பார்க்காத ஆள், வயலில் கண் உள்ள ஆள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

பாண்டிராஜ் நேர் எதிர். ஜெயக்கொடி பேசப் பேச நாற்காலியின் நுனிக்கு வந்து குனிந்து கேட்டார். ஒவ்வொரு வார்த்தைக்கும் 'ம்... ம்...' என்று தலையாட்டினார். காளை தீனி தின்னவில்லை என்றபோது 'உச்' கொட்டினார். போன் வருவதைச் சொன்னபோது கண் கலங்கி, சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார். நம் பேச்சை இப்படி ஒருத்தர் கேட்பார் என்றால் நாமும் ஒரு தடவை காணாமல் போய்ப் பார்க்கலாம் போலிருந்தது.

"அவன் வருவான் தங்கச்சி. மனசைத் தளர விடாத," என்றார் தழுதழுத்து.

காபி வந்தது. கூப்பிடாமல் வந்தவர்கள் இரண்டு டம்ளர் குடித்தார்கள். சோணை ஒரே மடக்கில் குடித்துவிட்டு மீசையைத் துடைத்தார்.

"எனக்கு வேணாம் தங்கச்சி. வயிறு சரியில்ல," என்றார் பாண்டிராஜ்.

"தண்ணியாவது குடிங்கண்ணே. வெயில்ல வந்துருக்கீக."

"இருக்கட்டும்த்தா."

யோசனை சொல்ல வந்தவர்கள் யோசனையைத் தவிர எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். 'வாரேன் தாயி', 'போயிட்டு வாரோம்', 'ஒண்ணும் ஆகாது, நாளைக்கு வாரேன்' என்று வாசல் முழுக்கச் சத்தம். சோணை போகிற போக்கில், "வாரேன். கதவைச் சாத்திப் படு," என்று கொட்டகைத் தூணைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

கடைசியாகப் பாண்டிராஜ் எழுந்தார். செருப்பை மாட்டினார். பைக்கை ஓசைப்படாமல் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய், அங்கே போய்த்தான் ஸ்டார்ட் செய்தார். என்ன நாசூக்கு என்று நினைத்துக்கொண்டான் அழகுராஜா.

அவன் முதுகில் ஒரு குத்து விழுந்தது. தர்மாம்பாள்.

"வண்டியை எடு. அந்த பைக்குப் பின்னால போ."

"மேடம், சோணை இந்தப் பக்கம் போறாரு."

"போகட்டும். நீ அந்தப் பக்கம் போ."

*

சமயநல்லூர் ரோட்டில் இரு பக்கமும் கரும்பு. காற்றடித்தால் கரும்புத் தோகை யாரோ உள்ளே நடக்கிற மாதிரி சலசலக்கும். வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. முன்னால் தூரத்தில் பாண்டிராஜின் பைக். பின்னால் இவர்கள். தர்மாம்பாள் ஒருபக்கமாக உட்கார்ந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, மெஷினை மறுபடி போட்டுக்கொண்டார்.

"இப்ப பேசு."

"சோணைதான் மேடம். சத்தியம் பண்ணுறேன். அந்தக் காலு ஆடுன ஆட்டத்துக்கு நம்ம ஊருல டைனமோ மாட்டுனா தெருவிளக்கு எரியும். தம்பி பொண்டாட்டி மூஞ்சியைப் பாக்கவே இல்ல. குத்தமுள்ள நெஞ்சு."

"குத்தம் இல்லடா, வெட்கம். தம்பி இன்னொருத்தியோட ஓடிட்டான்னு அந்த மனுஷன் முழுசா நம்புறாரு. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவளைப் பார்ப்பாரு? தம்பி செத்துட்டான்னு தெரிஞ்ச ஆளா இருந்தா இவ்வளவு கோபம் வராது. செத்தவன் மேல எவன் கோபப்படுவான்?"

"அப்ப கண்ணைப் பாத்துப் பேசுனவன் கெட்டவன், பாக்காதவன் நல்லவன். எங்க வீட்டுல நான் ரொம்ப நல்லவன் மேடம்."

"உளறாதே. சோணை போகும்போது என்ன சொன்னாரு?"

"'வாரேன், கதவைச் சாத்திப் படு'ன்னாரு."

"எதிர்வீட்டுக்காரர்?"

"'நாளைக்கு வாரேன்'னாரு."

"கூப்பிடாம வந்த ரெண்டு பேரு?"

"'போயிட்டு வாரோம்'னாக. காபி இருக்குற வரைக்கும் வருவாக."

"பாண்டிராஜ்?"

அழகுராஜா வாயைத் திறந்தான். மூடினான்.

"சொல்லிருப்பாரு மேடம். நான்... கவனிக்கல."

"வாயே அசையல. நான் அதை மட்டும்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். தலையும் அசையல. படியிறங்கினவர் திரும்பியும் பார்க்கல." தர்மாம்பாள் அவன் தோளில் தட்டினார். "எந்த வீட்டுல அழகு, நம்ம ஜனங்க சொல்லிக்காமக் கிளம்புவாங்க?"

பிரேக்கில் கால் தானாகப் போய்விட்டது. பின்னால் வந்த பால் வண்டிக்காரன் அவன் பரம்பரையை விசாரித்துவிட்டுப் போனான்.

"துட்டி வீட்டுல," என்றான் அழகுராஜா. குரல் அவனுடையதாக இல்லை.

இதை நம் ஆட்களுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தந்ததில்லை. சாவு விழுந்த வீட்டில் கிளம்பும்போது 'போயிட்டு வாரேன்' என்று சொல்லக் கூடாது. இந்த மாதிரி காரியத்துக்கு மறுபடி வந்துவிடக் கூடாது அல்லவா? தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு எழுந்து போய்க்கொண்டே இருக்க வேண்டும். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வருகிறவர்களும் உண்டு. வாய் எத்தனை பொய்யை வேண்டுமானாலும் சொல்லும். 'அவன் வருவான் தங்கச்சி' என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொல்லும். உடம்புக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அதற்குப் பழக்கம்தான் தெரியும்.

"வண்டியை எடுடா. ஆள் போயிடுவான்."

எடுத்தான். கரும்புக் காட்டைப் பார்க்க இப்போது அவனுக்குப் பிடிக்கவில்லை.

"மேடம், ஒரு சந்தேகம். எங்க மாமனாரு எப்பவும் சொல்லிக்காமத்தான் போவாரு. அதுக்காக எங்க வீட்டுல பொணம் இருக்குன்னு அர்த்தமா?"

"அதனாலதான் போலீசுக்குப் போகாம உன் பின்னால உட்கார்ந்து வர்றேன். மறந்துபோய்க் கூட ஒருத்தர் சொல்லாமப் போகலாம். நிஜமாவே வயிறு சரியில்லாமலும் இருக்கலாம். ஆனா துட்டி வீட்டுக்குப் போனவங்க தன் வீட்டு வாசப்படி ஏறதுக்கு முன்னால இன்னும் ஒண்ணு செய்வாங்க. அதை மட்டும் பார்த்துட்டா எனக்குப் போதும்."

அழகுராஜா ரோட்டைப் பார்த்து ஆக்சிலேட்டரை முறுக்கினான். அவனுக்கு நகைச்சுவை வற்றிப்போன அபூர்வ தருணங்களில் அதுவும் ஒன்று.

*

பாண்டிராஜின் வீட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. இரண்டு பேரும் பஜ்ஜித் தட்டோடு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். உளவு பார்ப்பதற்கென்றே கட்டிவைத்த மாதிரி கடை. டீக்கடைக்காரர் அதே வேலையாகத்தான் அங்கே பல வருஷம் உட்கார்ந்திருக்கிறார், கேட்டால் டீ விற்கிறேன் என்பார்.

பாண்டிராஜ் பைக்கை நிறுத்தினார். வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. அவர் படி ஏறவில்லை.

வாசல் ஓரத்தில் சிமெண்டுத் தொட்டி. செருப்பைக் கழற்றினார். சட்டையைக் கழற்றவில்லை. தொட்டியில் மிதந்த குவளையை எடுத்து, மொண்டு, அப்படியே தலையோடு ஊற்றினார். வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டியது. மறுபடி மொண்டார்.

அழகுராஜாவின் வாயில் பஜ்ஜி அப்படியே நின்றுவிட்டது.

உள்ளேயிருந்து அவர் மனைவி கனகலட்சுமி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பார்த்ததும் தெருவுக்கே கேட்கிற குரலில் கேட்டாள்:

"என்னங்க இது? யாரு வீட்டுத் துட்டிக்குப் போயிட்டு வாரீக? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

குவளை அந்தரத்தில் நின்றது. அதிலிருந்து தண்ணீர் அவர் முழங்கை வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் அவருக்கே தெரிந்த மாதிரி இருந்தது.

"வெயிலு," என்றார். "ஒடம்பெல்லாம் எரியுது."

"பொழுது சாயப் போகுது. இப்ப என்ன வெயிலு?"

அவர் குவளையைத் தொட்டியில் போட்டுவிட்டு, சொட்டச் சொட்ட வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னாலிருந்த தோட்டத்துக்கு நடந்தார். கனகலட்சுமி தலையில் அடித்துக்கொண்டு துண்டு எடுக்க உள்ளே போனாள்.

தர்மாம்பாள் எழுந்தார்.

"கண்டுபிடிச்சுட்டோம் மேடம்," என்றான் அழகுராஜா. அதில் சந்தோஷமே இல்லை. பொட்டை வைக்கவா அழிக்கவா என்று கேட்ட பெண்ணுக்குப் பதில் இந்த ஈரச் சட்டையில் ஒட்டியிருந்தது.

"அவர் செத்துட்டாருன்னு கண்டுபிடிச்சோம். எப்படின்னு தெரியாது. வா."

"அந்தாளு நம்மளையும்..."

"வாடா. விளக்கு வைக்கிற நேரமாச்சு, அவர் இப்ப போன் போடப் போறாரு."

*

தென்னை மரங்களுக்கு நடுவே ஒரு மோட்டார் ரூம். அதன் பக்கத்தில் வட்டமாகக் கல் கட்டிய கிணற்று விளிம்பு. விளிம்பு மட்டும்தான் இருந்தது. உள்ளே வாய் வரை செம்மண் போட்டு மூடியிருந்தார்கள். மண் இன்னும் இறுகவில்லை. நடுவில் கொஞ்சம் உள்வாங்கி, ஆள் படுத்து எழுந்த மெத்தை மாதிரி பள்ளம் விழுந்திருந்தது.

பாண்டிராஜ் மோட்டார் ரூம் சுவிட்ச் பெட்டிக்குள்ளிருந்து ஒரு போனை எடுத்தார். உயிர் கொடுத்தார். கல் விளிம்பில் உட்கார்ந்தார். ஸ்பீக்கரில் போட்டு, மண்ணைப் பார்த்து நீட்டிப் பிடித்துக்கொண்டார்.

வாழை மறைவில் நின்ற அழகுராஜாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த ஆள் தான் கேட்பதற்காகப் போன் போடவில்லை. கிணற்றுக்குக் கேட்பதற்காகப் போட்டிருந்தார்.

"வந்துட்டீகளா?" என்றது ஜெயக்கொடியின் குரல். "இன்னைக்கு ஒங்க அண்ணன் வந்து சத்தம் போட்டுட்டுப் போறாரு. பாண்டியண்ணன் வந்தாரு, பாவம், தண்ணிகூடக் குடிக்கல. நீங்க சாப்ட்டீகளா? காளை இன்னைக்கு ரெண்டு வாய் வைக்கோல் தின்னுச்சு. ஒங்க சட்டையைக் கொண்டுபோய்க் கட்டுத்தறியில போட்டேன், அதை மோந்து பாத்துட்டுத் தின்னுச்சு..."

பாண்டிராஜின் தலை ஆடியது. உதடு 'ம்' என்று மூடியது, சத்தம் மட்டும் வரவில்லை. தென்னை ஓலைகள் மேலே உரசிக்கொண்டன. குரல் போய்க்கொண்டே இருந்தது. மண்ணுக்கு அடியிலும் யாரோ ம் கொட்டுகிற மாதிரி அழகுராஜாவுக்குப் பட்டது. பட்டதும் அவன் தர்மாம்பாளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். வெளியில் யாரிடமும் சொல்லாதீர்கள்.

தர்மாம்பாள் அந்தக் கையை விலக்கிவிட்டு நேராக நடந்துபோய்ப் பாண்டிராஜுக்கு எதிரே நின்றார்.

அவர் நிமிர்ந்தார். விரல் போனை அணைக்கப் போனது.

"வைக்காதீங்க," என்றார் தர்மாம்பாள் மெதுவாக. "அவ பேசிக்கிட்டு இருக்கா."

பாண்டிராஜின் முகத்தில் பயம் வரும் என்று அழகுராஜா எதிர்பார்த்தான். வந்தது வேறு. ரொம்ப நேரம் தலையில் சுமந்த மூட்டையை இன்னொருத்தர் கை கொடுத்து இறக்கும்போது முகம் எப்படி ஆகும், அப்படி.

"யாரு? யாரோ பேசுனாகளே," என்றது போன். "ஏங்க? பக்கத்துல யாரு?"

"பேசுங்க பாண்டிராஜ்."

"தங்கச்சி," என்றார் அவர். "நான் பாண்டி."

இப்போது கேட்பது அவளுடைய முறை.

"கெணறு வத்திப் போச்சு தங்கச்சி. மறுநா மூடிரலாம்னு ஜேசிபிக்குச் சொல்லிருந்தேன். அன்னைக்குக் கடையில பூவை எறக்கிட்டு எங்கூட வந்தான். மோட்டாரைக் கழட்டித் தாரேன்னு அவனாத்தான் எறங்குனான். ஒரு தடவை ஓடுதான்னு பாத்துட்டுக் கழட்டுவோம், நான் சொல்றப்ப சுவிச்சைப் போடுன்னான். எனக்குப் பூ ஏவாரி போன்ல. வெலை பேசிக்கிட்டே கெணத்தை எட்டிப் பாத்தேன். கையைத் தூக்குனான்." அவர் தன் கையைத் தூக்கிக் காட்டினார், விரல்கள் விரிய. போனில் அது தெரியாது என்பதுகூட அவருக்குத் தோன்றவில்லை. "போடச் சொல்றான்னு போட்டுட்டேன். அவன் இரு இருன்னுருக்கான் தங்கச்சி. வயரு பிரிஞ்சு கெடந்துருக்கு. நல்லா ஒரு நிமிசம் அவன் மூஞ்சியைப் பாத்துருந்தா தெரிஞ்சிருக்கும். நான் பாக்கல. பாத்த மாதிரி இருந்தேன்."

"எங்க இருக்காரு?" என்றாள் ஜெயக்கொடி. அழுகை இல்லாத குரல்.

"இங்கதான். பயந்துட்டேன் தங்கச்சி. சோணையண்ணன் வெட்டிப் போட்டுருவாருன்னு பயம். மறுநா ஜேசிபிக்காரன் வந்தப்ப வாயடைச்சுப் போயி நின்னேன். அவன் பாட்டுக்கு மண்ணைத் தள்ளிட்டான். மெசேஜ் நான்தான் அனுப்புனேன். ஓடிட்டான்னு நெனச்சா நீ கோவத்துலயாவது உசிரோட இருப்பேன்னு..."

"தெனமும் போனு?"

"நீ பேசுறதை அவன் கேக்கட்டும்னு."

தோட்டத்தில் எங்கேயோ ஒரு ஆந்தை அவசரப்பட்டு அலறியது. அழகுராஜா தன் போனை எடுத்துச் சமயநல்லூர் ஸ்டேஷனுக்கு அழைத்து, தாழ்ந்த குரலில் இடத்தைச் சொல்லிவிட்டு வைத்தான். ஜோக் அடிக்காமல் அவன் பேசி முடித்த போன்கால் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

திரும்பும்போது ஜெயக்கொடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கண்ணே. கத்துனாரா?"

பாண்டிராஜ் வாயைத் திறந்தார்.

"வலியில கத்துனாரா? யாரையாச்சும் கூப்புட்டாரா? எனக்கு அது மட்டும் தெரியணும். ராத்திரியெல்லாம் அதான் ஓடும் இனிமே."

"இல்ல தங்கச்சி," என்றார் பாண்டிராஜ். "ஒரு சத்தமும் இல்ல. அப்படியே, தூங்குற மாதிரி..."

சொல்லும்போதே அவருடைய இன்னொரு கை மேலே எழுந்தது. எழுந்து, காதை இறுக்கிப் பொத்திக்கொண்டது.

அவருக்குத் தெரியாமலேதான் பொத்தியது. அழகுராஜா பார்த்துவிட்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் ஒரு ஆளின் பேச்சை விட்டுவிட்டு ஆளைப் பார்த்திருந்தான். பார்த்ததை இனிமேல் பார்க்காமல் ஆக்க முடியாது என்பதும் அப்போதே தெரிந்துபோயிற்று. அந்தப் பொத்திய கைக்கு அடியில் ஒரு குரல் இருந்தது. ஒரு பேரைச் சொல்லிக் கூப்பிட்ட குரல். எந்தப் பேர் என்று கேட்கவே வேண்டியதில்லை. மேலே நின்றது ஒரே ஒரு ஆள்தான்.

போனில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு,

"மேடம் அங்க இருக்காகளா?"

"இருக்கேம்மா," என்றார் தர்மாம்பாள்.

"நீங்க ஆளைப் பாத்தே நெசமா பொய்யான்னு சொல்லிருவீகளாமே. ஒங்க ஆளு சொன்னாரு. அண்ணன் சொல்றது நெசமா மேடம்? சத்தமே இல்லையா?"

பாண்டிராஜின் கை இன்னும் காதில்தான் இருந்தது. தர்மாம்பாள் அதைப் பார்த்தபடி நின்றார். எத்தனையோ புருஷன்மாரையும் பெண்டாட்டிமாரையும் ஒரே பார்வையில் பிடித்துக் கொடுத்த கண்.

"நெசம்தாம்மா," என்றார். "சத்தமே இல்ல."

அப்போதுதான் ஜெயக்கொடி அழ ஆரம்பித்தாள். இத்தனை நாளாகத் தேக்கி வைத்திருந்தது முழுவதும் ஸ்பீக்கர் வழியாக வந்து அந்தச் செம்மண்ணில் விழுந்தது. யாரும் அதை நிறுத்தவில்லை. ரோட்டுப் பக்கமிருந்து போலீஸ் ஜீப்பின் வெளிச்சம் தென்னைகளுக்கு நடுவே வளைந்து வந்தது.

அழகுராஜா வெளிச்சத்தைப் பார்த்தான், தென்னையைப் பார்த்தான், தன் செருப்பைப் பார்த்தான். தர்மாம்பாளின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும்.